தொண்ணூறுன்னா எதுல தொண்ணூறு, மருமகனே?

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்துல, ஜன்னலைத் திறக்கவே முடியாத உசந்த மாடியில ஆபீஸ் போட்டு, நம்ம மருமகன் டர்பைன் செய்யப் போறான்னு கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோசம். உன் தாத்தா கித்தா வெட்டினாரு, உன் அப்பா லோரி ஓட்டினாரு, நான் கேரித்தீவு செம்பனை ஆலையில பாய்லர் பார்த்தேன். வேட்டியில கரி படாம நீராவி ஓட்டப் போறவன் நம்ம குடும்பத்துல நீ ஒருத்தன்தான்.

நீ அனுப்பின வீடியோவையும் பார்த்தேன். பழைய சீடி தட்டுகளை அடுக்கி, ஓரத்துல காத்து அடிச்சதும் ‘உய்ய்’னு சுத்துது. கீழ எழுத்து ஓடுது: பிளேடே கிடையாது, திறன் 90 விழுக்காடு. பாட்டு வேற போட்டிருக்கான். பாட்டு நல்லா இருந்துச்சு.

மூளைக்காரன் கண்டுபிடிச்ச சாமான்தான், அதுல எனக்குச் சந்தேகமில்ல. நிக்கோலா டெஸ்லா. காடி விக்கிற ஆளு இல்ல, அவர் பேரைத்தான் காடிக்கு வச்சிருக்காங்க. 1913ல இதுக்குக் காப்புரிமை வாங்கினாரு. வழுவழுப்பான தட்டுகளை நூலிழை இடைவெளி விட்டு ஒரே தண்டுல கோக்கணும். விளிம்புல நீராவியைச் சாய்ச்சு விட்டா, அது தட்டுகளை உரசி இழுத்துக்கிட்டே சுருள் சுருளா உள்ள போயி, நடுவுல இருக்கிற ஓட்டை வழியா வெளிய வரும். திரவம் மேற்பரப்புல ஒட்டி இழுக்குற குணம் இருக்கு பாரு, அதுதான் இங்க முதலாளி. செதுக்கின பிளேடு இல்ல, அது முறியும்ங்கிற பயமும் இல்ல. பட்டறையில ரெண்டு பேர் இருந்தா செஞ்சிடலாம். இவ்வளவும் உண்மைதான்.

இப்ப மாமன் சொல்றதைக் கேளு. 1911ல டெஸ்லா நியூயார்க் வாட்டர்சைட் மின் நிலையத்துல ஓட்டிக் காட்டினாரே, அந்த எந்திரத்துல 18 அங்குலத் தட்டு 25. நிமிசத்துக்கு 9,000 சுத்து, 200 குதிரைசக்தி. கணக்குப் போட்டுப் பாரு, தட்டோட விளிம்பு மணிக்கு 770 கிலோமீட்டருக்கு மேல பறக்குது. கேஎல் சென்ட்ரல்ல நீ ஏறுற இடிஎஸ் ரயில் முக்கி முக்கி ஓடினாலும் 140தான். அந்தத் தட்டோட கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்ல.

நம்ம நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஜெனரேட்டர் வழக்கமா 1,500ல சுத்தும், இல்லாட்டி 3,000ல. அப்ப நடுவுல ஒரு கியர்பாக்ஸ் வேணும், அதுக்கு எண்ணெய் வேணும், பேரிங் வேணும், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து வந்து பாக்க ஒரு ஆள் வேணும். உன் வீடியோவுல இதுல எதையுமே காணோம். பாட்டுக்கு நடுவுல வந்து போச்சோ என்னவோ.

பிறகு டெஸ்லா மில்வாக்கியில அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனிக்குப் போனாரு. டர்பைன் செய்யறதே தொழிலா இருந்த இடம். அங்க 60 அங்குலத் தட்டு போட்டு 3,600ல சுத்த விட்டாங்க. விளிம்பு வேகம் மணிக்கு ஆயிரத்தைத் தாண்டுது. கழட்டிப் பார்த்தா தட்டெல்லாம் கோணல். இன்னொரு சின்ன எந்திரத்துல அளந்தப்ப திறன் 38 விழுக்காடுதான் வந்துச்சு. டெஸ்லா கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டாரு. அறிக்கை எழுதின இஞ்சினியருங்க கிளம்பல.

அப்ப 90 எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்ப. அது பொய் இல்ல, அதுதான் சூட்சுமம். சுத்துற தட்டை மட்டும் தனியா எடுத்து, நீராவியைச் சொட்டுச் சொட்டா விட்டுக் கணக்குப் போட்டா காகிதத்துல 90க்கு மேல வரும். அமெரிக்காவுல வாரன் ரைஸ்னு ஒரு பேராசிரியர் 1960கள்ல இருந்தே இதை ஆராய்ஞ்சு, அதுக்கு ஏகப்பட்ட தட்டு வேணும், எந்திரம் பெருத்துப் போகும்னு எழுதி வச்சிருக்காரு. கூடுதலா வேலை வாங்கினா தட்டு பின்தங்கும், நீராவி வழுக்கிக்கிட்டுப் போயிடும். பொண்ணு வீட்டுக்கு விருந்து வந்த புது மாப்பிள்ளை மாதிரிதான், வேலை சொல்லாத வரைக்கும் தங்கமான புள்ள.

தட்டைத் தாண்டியும் ஓட்டை இருக்கு. நீராவியைக் குறி பாத்து அடிக்கிற நாசில்லயே நிறைய வீணாகுது. அபிஜித் குஹா பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல இருந்தப்ப, 2010ல அந்த நாசிலைத் திருத்தி அமைச்சு, அந்த நட்டத்தை நல்லாவே குறைச்சுக் காட்டினாரு. படிச்சவன் அப்படித்தான் வேலை செய்வான், முதல்ல எங்க ஒழுகுதுன்னு பாப்பான். நீ முதல்ல லோகோ வரைஞ்சிருக்க. அதுவும் அழகாத்தான் இருக்கு.

சரி, யாரோட மல்லுக்கு நிக்கப் போற? போர்ட் கிள்ளானுக்கு வர்ற பெரிய கப்பல்ல இருக்கிற டீசல் எந்திரம் நிமிசத்துக்கு நூறு சுத்து அளவுல ஆடி அசைஞ்சு போகும், எண்ணெயில இருக்கிற சக்தியில பாதியை வேலையா மாத்திடும். காஸ் டர்பைன் விடுற சூட்டைப் பிடிச்சு இன்னொரு நீராவி டர்பைனையும் ஓட்டுற கூட்டு நிலையம் 60 விழுக்காட்டைத் தொடுது. காப்பார் மின் நிலையத்தையே எடுத்துக்கோ. அங்க இருக்கிற நீராவி டர்பைன்ல பிளேடு வரிசை வரிசையா நிக்குது. உனக்கு முன்னாடி நூறு வருசத்துக்கு மேல எத்தனையோ பேர் உக்காந்து செதுக்கின பிளேடு அது.

இவ்வளவு சொன்னதும் முகம் வாடிப் போச்சா? இரு, இனிமேதான் புத்திமதி.

எங்க ஆலையில பழத்துலேர்ந்து எண்ணெய் பிழிஞ்சு மிஞ்சின நாரும் ஓடும்தான் பாய்லருக்கு விறகு. நீராவி 20 பார் அழுத்தத்துல டர்பைனுக்குள்ள போயி, 3 பார்ல வெளிய வரும். நீராவியோட சூட்டுல பத்து விழுக்காடுகூட மின்சாரம் ஆகாது. உன் கணக்குப்படி அது வெக்கக்கேடு. ஆனா மிச்ச நீராவி நேரா ஸ்டெரிலைசருக்குப் போயி, டன் கணக்குல பழக்குலையை ஒண்ணரை மணி நேரம் அவிச்சுக் கொடுக்கும். அவிக்காட்டி பழம் காம்பை விட்டு உதிராது, எண்ணெயும் புளிச்சுப் போகும். அதனால அந்த டர்பைனை மட்டம்னு எந்த மேனேஜரும் திட்டினது கிடையாது. திறன் குறைஞ்சா குத்தமில்ல மருமகனே, மிச்சம் எங்க போகுதுங்கிறதுதான் கேள்வி.

காப்பார் பக்கம் தலை வச்சும் படுக்காத. எத்தனையோ தொழிற்சாலையில நீராவி அழுத்தத்தை வால்வு போட்டுக் குறைச்சு, அந்தச் சக்தியைச் சும்மா விடுறான். அங்க போய்க் கதவைத் தட்டு. தண்ணி கலந்த ஈர நீராவி பிளேடைத் தின்னுடும், வழுவழுத் தட்டை அவ்வளவு சுலபமாத் தின்னாது. அங்க 30 விழுக்காடு கிடைச்சாலும் லாபம்தான், வால்வு அதைக்கூடத் தரல.

இன்னொண்ணு. இதே தட்டைத் திருப்பிப் போட்டா பம்பு. டர்பைனா தோத்த சாமான் பம்பா ஜெயிச்சிடுச்சு. கலிபோர்னியாவுல டிஸ்க்ஃப்ளோன்னு ஒரு கம்பெனி அதைச் செஞ்சு விக்குது. சேறு, மணல், கட்டி கட்டியான குழம்பு எது வந்தாலும் தள்ளிடும். நம்ம ஆலைக் கழிவுக் குழம்பு இருக்கே, அதைப் பார்த்தா உன் பார்ட்னருங்க மூக்கைப் பொத்திக்குவாங்க. காசு அங்கதான் நாறிக்கிட்டுக் கிடக்கு.

ஆத்துல போட்டாலும் அளந்து போடு. பாய்லர்லேர்ந்து வந்த நீராவி எவ்வளவு, மீட்டர்ல ஏறின மின்சாரம் எவ்வளவு, இந்த ரெண்டையும் ஒரே காகிதத்துல எழுதி, எட்டு மணி நேரம் நிக்காம ஓட்டிக் காட்டச் சொல்லு உன் பார்ட்னருங்களை. காட்டினா கையெழுத்துப் போடு. நானும் ஆயிரம் வெள்ளி போடுறேன். என் பேரை மட்டும் ரெண்டாவதா எழுது. நட்டம் வந்தா உங்கத்தை முதல் பேரைத்தான் பாப்பா.