பேனா அவருடையது, பொறுமை உங்களுடையது

இந்த வாரம் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரிலிருந்து ஒரே உறைக்குள் ஒரு கட்டுக் கேள்விகள். ஊர் வாசகர்கள் சிலர் சேர்ந்து ஜனவரியில் வேன் பிடித்துச் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறார்கள். புத்தகங்கள் ஏற்கெனவே வாங்கியாயிற்றாம், கையெழுத்துதான் பாக்கி. கேட்டவர்கள் பெயரைப் போடவில்லை. ஊரில் பாதிப் பேர் மீதிப் பேருக்கு மாமன் மச்சான். பெயரைப் போட்டால் வேனிலேயே பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும்.

எந்த நாளில் போனால் கூட்டம் குறைவு?

பொங்கல் விடுமுறையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் கால் வைக்க இடம் இருக்காது. வேலைநாள் மதியத்தில் கூட்டம் இருக்காது, எழுத்தாளரும் இருக்க மாட்டார். தமிழில் எழுதுகிறவர், ஆபீசுக்குப் போக வேண்டாமா? எஸ். ராமகிருஷ்ணன் தேசாந்திரி அரங்கிலும், ஜெயமோகன் விஷ்ணுபுரம் அரங்கிலும் உட்காரும் நாட்களை அவரவர் இணையதளத்தில் சொல்லிவிடுவார்கள். அதைப் பார்த்த பிறகு வேனுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

கூட்டமே வேண்டாம் என்றால் 1977-க்குப் போயிருக்க வேண்டும். அண்ணா சாலை மதரசா பள்ளியில் இருபத்துச் சொச்சம் கடைகளோடு இந்தக் காட்சி தொடங்கிய வருஷம் அது.

வரிசையில் முண்டியடிக்கிறார்கள், 'சாருக்குத் தெரிஞ்சவங்க' என்று நடுவில் நுழைகிறார்கள். நியாயமான வழியே கிடையாதா?

உத்திரமேரூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறீர்களே! வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறை அதில் விலாவாரியாக இருக்கிறது. பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லவேண்டும். நிற்கிறவருக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். சொந்த மனையில் வீடு வேண்டும், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். இதற்கு முன் மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் நிற்கக்கூடாது. கணக்குக் காட்டாமல் போனவரும் கூடாது, அவருடைய உறவுக்காரரும் கூடாது.

இதை அப்படியே கையெழுத்து மேஜைக்குக் கொண்டுவரலாம். போன மூன்று வருஷத்தில் இதே எழுத்தாளரிடம் கையெழுத்து வாங்கியவர் வெளியே. வாங்கிய புத்தகத்தைப் படித்ததற்குக் கணக்குக் காட்டாதவர் வெளியே. எழுத்தாளரின் மச்சினர், மச்சினரின் நண்பர், செல்ஃபிக்கு மட்டும் வந்தவர் எல்லாரும் வெளியே. நிலமும் மனையும் கேட்கவேண்டாம், கேட்டால் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரே தேறமாட்டார்.

சிரிப்புக்குச் சொல்லவில்லை. 2007 ஜூலையில் ஹாரி பாட்டரின் கடைசிப் பாகம் வெளியான ராத்திரி, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஜே.கே. ரௌலிங் கையெழுத்துப் போட்டார். அங்கேயும் குலுக்கல்தான். தேறிய 1,700 பேருக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து போட்டுக்கொடுத்தார். ஓலைக்குப் பதில் கம்ப்யூட்டர், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் ஊர்ப் போரைப் பற்றி எழுதியவரிடம், அந்தப் போர் வரும் பக்கத்திலேயே கையெழுத்துக் கேட்கலாமா?

எந்தப் போர் என்று சொல்லவில்லையே! ஊருக்கு ஒரு போர் இருந்தாலே பெருமை, உங்களுக்கு மூன்று.

முதலாவது மகேந்திரவர்மன் காலத்தது. புள்ளலூரில் முக்கியப் பகைவர்களை அழித்தான் என்று காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. பகைவர் யார் என்று மட்டும் சொல்லவில்லை. புலிகேசிதான் என்று வரலாற்று ஆசிரியர்கள் பலர் சொல்ல, கல்கி 'சிவகாமியின் சபத'த்தில் கங்க மன்னன் துர்விநீதனைக் கொண்டுவந்து மாமல்லனோடு மோதவிட்டார். உங்கள் ஊர்ப் பெயர் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போனது அந்த வழியாகத்தான். ஆனால் கல்கி 1954 டிசம்பரில் காலமாகிவிட்டார். அந்த வரிசையில் நின்று பயனில்லை.

இரண்டாவது 1780 செப்டம்பர் 10. கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் புள்ளலூரில் சுற்றி வளைத்தார்கள். ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன, மைசூர் ராக்கெட்டுகள் தலைக்கு மேல் பறந்தன. காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்த ஆங்கிலத் தளபதி மன்ரோ, கூப்பிடு தூரத்தில் இருந்தும் உதவிக்கு வந்து சேரவில்லை. கிழக்கிந்தியக் கும்பினிக்கு இந்தியாவில் அதுவரை விழாத அடி. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு இதைப் பெரிய ஓவியமாகவே தீட்டவைத்தார்.

மூன்றாவது அடுத்த வருஷம், 1781 ஆகஸ்ட் 27, ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையோடு நடந்தது. ஊரில் நிற்கும் இரண்டு நினைவுத் தூண்களும் அதில் செத்த ஆங்கில அதிகாரிகளுக்கு எழுப்பியவை. ஜெயித்தவர் ஓவியத்தைத் தம் ஊரில் வைத்துக்கொண்டார், செத்தவர் தூணை உங்கள் ஊரில் நட்டார்கள். நடுவில் மிதிபட்ட பயிர் யாருடையது என்று எழுதியவர் யாருமில்லை. உங்களில் ஒருவர் எழுதினால் முதல் கையெழுத்து எனக்கு.

1780 போரை வில்லியம் டால்ரிம்பிள் 2019-ல் வந்த 'தி அனார்க்கி'யில் சுடச்சுட எழுதியிருக்கிறார். மனிதர் இலக்கிய விழாக்களில் அலுக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். வழக்கமாகத் தலைப்புப் பக்கத்தில்தான் போடுவார்கள். போர் வரும் பக்கத்தில் ஒரு சீட்டைச் செருகி, "நான் புள்ளலூர்" என்று சொல்லி நீட்டுங்கள். எந்த எழுத்தாளரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உங்களை நிமிர்ந்து பார்ப்பார்.

கிட்டே போனதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என்ன பேசுவது? (பிளஸ் டூ மாணவி)

"உங்க எல்லா புக்கும் படிச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லாதே அம்மா. எது பிடித்தது என்று கேட்பார், உனக்கு அட்டை நிறம்தான் ஞாபகம் வரும். ஏதாவது ஒரு கதையில் ஒரு பாத்திரம் ஏன் அப்படிச் செய்தாள் என்று கேள். உன் பெயரை எழுத்துப் பிசகாமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் செருகி வை. ஒரு பவித்ராவுக்கு 'பவித்திரா' என்று எழுதிக்கொடுத்தால் திருப்பி அழிக்க முடியாது. பின்னால் நிற்கிறவரின் மூச்சு பிடரியில் படும்போது நகர்ந்துவிடு. நீ எழுதிய நாவலின் கையெழுத்துப் பிரதியை அந்த நேரத்தில் பையிலிருந்து எடுக்காதே.

நூலகப் புத்தகத்தில் வாங்கலாமா?

அதில் ஏற்கெனவே நூலக முத்திரை இருக்கிறது. அதற்கு மேலே என்ன மதிப்பு வேண்டும்?

சொந்தப் பிரதி எத்தனை பழசானாலும் கூசாமல் நீட்டுங்கள். முதுகு கழன்று, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சாம்பார்க் கறையோடு வரும் புத்தகத்தைப் பார்த்தால் எழுத்தாளர் முகம் மலரும். பிளாஸ்டிக் உறை பிரிக்காத பிரதி, கடைக்காரரைத்தான் சந்தோஷப்படுத்தும். பி.டி.எஃப்.-ஐப் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டு போனீர்களானால், கையெழுத்து விழாது, வேறு ஏதாவது விழும்.

நான் கிண்டிலில் படிக்கிறவன். கையெழுத்து எங்கே வாங்க?

பின்பக்கம். விற்கும்போது சார்ஜர் சேர்த்துக் கொடுங்கள்.

எழுத்தாளர் நேரில் வராமலே கையெழுத்துப் போட முடியாதா என்று யோசித்தவர்களும் உண்டு. மார்கரெட் அட்வுட், தூரத்தில் உட்கார்ந்து எழுதினால் இங்கே இயந்திரக் கை எழுதும் 'லாங்பென்' என்ற கருவியை 2006-ல் அறிமுகம் செய்தார். பாப் டிலன் விஷயம் வேறு. 2022-ல் அவருடைய புத்தகத்தின் 900 பிரதிகளை, அவரே கைப்பட ஒப்பமிட்டது என்று பிரதி 599 டாலருக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்து, மெஷின் போட்டது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, டிலன் மன்னிப்புக் கேட்டார். வரிசையில் நின்று எதிரிலேயே போடவைத்து வாங்குவதற்கு இது போதாதா?

காஞ்சிபுரத்தில் தறியில் வேலை செய்கிறேன். நான் நெய்த புடவையில் யாரும் என் கையெழுத்தைக் கேட்டதில்லையே?

நியாயமான கேள்வி. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-லேயே வந்துவிட்டது. அது ஊரின் பெயருக்கு. நெய்தவர் பெயருக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் கோர்வை இருக்கிறதே! உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று மூன்று நாடா ஓட்டி, பக்கத்தில் உதவிக்கு ஒருவரை உட்காரவைத்து, இழைக்கு இழை பூட்டி நெய்கிறீர்கள். புடவை கிழிந்தாலும் அந்த இணைப்பு விடாது. உடலோடு முந்தியைப் பூட்டும் 'பேட்டு' இணைப்பைத் திருப்பி, அதன் மேட்டை விரலால் தடவிப் பார்த்தே யார் தறி என்று சொல்லும் ஆட்கள் பிள்ளையார்பாளையத்தில் இருப்பார்கள். எழுத்தாளருக்கு அந்த வசதி இல்லை, பாவம் பேனாவால் எழுதிக் காட்டவேண்டியிருக்கிறது. கூட்டம் கூடுவது அவரிடம், கூலி குறைவது இருவருக்கும்.

மூன்று மணி நேரம் நின்று கடைசியில் "நேரம் முடிந்தது" என்று மேஜையை மூடிவிட்டால்?

திட்டாதீர்கள். தமிழில் ஒரு நாவலின் முதல் பதிப்பு ஒரு காலத்தில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி. இப்போது தேவைக்கேற்ப அச்சிடுகிறார்கள், நூறோடு நின்றுவிடுவதும் உண்டு. உங்களுக்கு முன்னால் இருநூறு பேர் நின்றார்கள் என்றால், இரண்டு பதிப்பு எழுந்து நின்று கியூவில் வந்ததாக அர்த்தம். பாரதி 1920-ல் தம் நூல்களை நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி அச்சிடத் திட்டம் போட்டார், மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு போகும் என்று நம்பினார். பணம் திரளவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் போய்ச் சேர்ந்தார். சுடுகாட்டுக்கு இருபது பேர்கூட வரவில்லை என்பார்கள். அப்படிப்பட்ட பாஷையில் ஒரு எழுத்தாளருக்காக ஜனங்கள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றால், இடிபடுவதும் ஒரு சுகம்தான் ஐயா.

இன்னொன்றும் செய்யலாம். அதே சந்தில் நாலு கடை தள்ளிப் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். எதிரே தம் கவிதைத் தொகுப்பு பத்துப் பிரதி, மூடி திறக்காத பேனா, பதிப்பாளர் வாங்கிவைத்த ஆறிப்போன டீ. யாராவது அட்டையைத் தொட்டால் நிமிர்வார், விலையைப் பார்த்துவிட்டு வைத்தால் குனிவார். ஒரு பிரதி வாங்கி நீட்டுங்கள். அரைப் பக்கத்துக்கு எழுதிக்கொடுப்பார், வேனில் எத்தனை பேர் வந்தீர்கள் என்று விசாரிப்பார். பேரம் பேசாதீர்கள், பத்து சதவீதம் கழிவு எப்படியும் உண்டு.

கையெழுத்துப் போட்ட பிரதி பின்னால் நல்ல விலைக்குப் போகுமா?

பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடை. மையின் எடையும் சேரும்.

நீங்கள் யாரிடமாவது கையெழுத்துக் கேட்டு நின்றதுண்டா?

உண்டு, கடன் மனுவில் ஜாமீன் கையெழுத்துக்கு. எனக்கு முன்னாலும் ஆளில்லை, பின்னாலும் ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் எதிரே இருந்தவரும் இல்லை.