பிடி அரிசியும் பவர்பாயிண்டும்

எங்கள் காலத்தில் ஞானோபதேச வகுப்புக்கு இரண்டே சாமான்கள்தான்: உபதேசியாரின் மணி, உபதேசியாரின் பிரம்பு. மணிக்கு வராதவனைப் பிரம்பு தேடி வரும். எங்கள் கடற்கரையில் அந்த மணிக்கு நானூறு வருஷத்துக்கு மேல் சரித்திரம் உண்டு. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தெருத்தெருவாக மணியை ஆட்டித்தான் பிள்ளைகளைத் திரட்டினார். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போக முடியாமல், நோயாளிகளுக்குச் செபம் சொல்லப் பிள்ளைகளையே அனுப்பினார். 1544 தொடக்கத்தில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் இதெல்லாம் இருக்கிறது. பெற்றோர் மறைவாகக் கும்பிட்ட சிலைகளைக் காட்டிக்கொடுத்து, போய் உடைத்த பையன்களை மெச்சுவதும் அதே கடிதத்தில்தான். உபதேசியார் முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். புண்ணியவான்! ஐயனார் கோயில் பொங்கச்சோறு எங்களுக்கு ஒரு வருஷமும் தட்டாமல் கிடைத்தது.

அன்பு, துணிவு, சேவை என்றெல்லாம் அன்றைக்குப் பாடம் கிடையாது. பிடி அரிசிதான் இருந்தது. உலை வைக்கும்போது அம்மா ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவோம். புழுங்கல், பச்சை, ரேஷன் எல்லாம் ஒரே பையில் விழும். உலையில் பாதி குழைந்துவிடும். பாதி நறுக்கென்று நிற்கும்.

அந்த அரிசி ஒரு வீட்டுக்குத் தவறாமல் போகும். கருவேலங்காட்டில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த பெரியவர், காசநோய். கட்டிலுக்கு அடியில் கொட்டாங்கச்சி, அதில் சாம்பல். இருமித் துப்புவது அதில்தான். கொட்டாங்கச்சியைக் கொண்டுபோய்க் குழியில் கவிழ்த்து, புதுச் சாம்பல் போட்டு வைப்பது பிள்ளைகளின் முறைவேலை. என் முறை வந்தால் மூக்கால் மூச்சு விடாமல் பரலோக மந்திரத்தை ஒரே ஓட்டமாக ஓட்டிவிடுவேன். பெரியவர் கண்டுபிடித்துவிட்டார். “மூச்சை அடக்கிக்கிட்டா செபம் சொல்றீக? ஆண்டவருக்கு எப்படிய்யா கேட்கும்?” சிரிக்கப் போனவருக்கு இருமல் வந்துவிட்டது. அன்றைக்கு முழுச் செபத்தையும் நிறுத்தி நிதானமாக இன்னொரு தரம் சொல்ல வைத்தார்.

இன்றைக்கு ஒரு தகப்பனிடம் இதைச் சொன்னால் வாட்ஸ்அப் குழுவில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். நியாயம்தான். எந்த டாக்டரும் அவர் பக்கம்தான் நிற்பார். எங்களுக்கு ஒன்றும் ஆகாமல் போனதில் உபதேசியாருக்குப் பங்கில்லை.

இப்போது ஞானோபதேசம் மறைக்கல்வி ஆகிவிட்டது. மின்விசிறி, புரொஜெக்டர், பாடநூல், தேர்வு எல்லாம் உண்டு. பிரம்பு ஒழிந்தது, அதற்கு என் முதுகின் சார்பில் நன்றி. இந்த வருஷக் கருப்பொருள் ‘துணிவுள்ள அன்பு’. அதையொட்டி மாறுவேடப் போட்டி. இராமநாதபுரத்து வாடகைக் கடையிலிருந்து நீலக்கரைச் சேலைகள் வந்து இறங்கின. அன்னை தெரசாக்களுக்குள் யார் முதலில் மேடை ஏறுவது என்று மேடைக்குப் பின்னால் தலைமுடியைப் பிடிக்கும் அளவுக்குச் சண்டை. 1693-ல் ஓரியூரில் வெட்டுப்பட்ட அருளானந்தராக வந்த பையன், அட்டைக் கத்திக்காரன் மெதுவாக ஓங்கினான், போட்டோ சரியாக விழவில்லை என்று அழுதான். பிடி அரிசியும் இருக்கிறது, க்யூஆர் கோடாக, கோயில் வாசல் தூணில். தாய்மார்கள் ஜிபே பண்ணுகிறார்கள். பிள்ளைகள் கை நனையாது.

பெரியவர் என்ற மரியாதைக்கு எனக்கும் ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். திரையில் அந்தோனியோ கிரிமினாலியின் படம், கீழே ‘1549, வேதாளை, இயேசு சபையின் முதல் இரத்தசாட்சி’. வினாடி வினாவுக்கு அது போதும். இராமேசுவரம் போகிற பஸ் வேதாளையைத் தாண்டித்தான் போகிறது. இந்தப் பிள்ளைகளில் ஒருவரும் அங்கே இறங்கியதில்லை. நான் மிச்சத்தையும் சொன்னேன். இராமேசுவரம் போகும் யாத்திரிகர்களை மறித்துப் போர்த்துகீசிய கேப்டன் பள்ளம் வெட்டி வரி பிடுங்கியது, கோபத்தில் வடுகர் படை வந்தது, பெண்களையும் பிள்ளைகளையும் கப்பலுக்கு அனுப்பிவிட்டு கிரிமினாலி தான் ஏறாமல் கரையில் நின்றது, ஈட்டி பாய்ந்தது.

முன்வரிசையில் ஒரு சிறுமி கை தூக்கினாள்.

“சாமியார் செத்துட்டாரு. பள்ளம் வெட்டுன கேப்டன் என்ன ஆனாரு தாத்தா?”

“கப்பல் ஏறித் தப்பிச்சிட்டாரும்மா.”

“டீச்சர், அவரு பேரும் பரீட்சைக்கு வருமா?”

டீச்சர் அவசரமாக அடுத்த ஸ்லைடைத் தட்டினார். மாறுவேடப் போட்டியின் பரிசுப் பட்டியல் வந்தது.