பிங் எகிறும் வீடு

கே: 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன் அண்ணா. ஸ்பீட் டெஸ்ட்ல முழுசா வருது. ஆனா வாலரண்ட் ஆடும்போது பிங் 40-ல இருந்து திடீர்னு 300-க்கு எகிறுது. 500 பிளானுக்கு மாறிடட்டுமா?
– ஈரோடு வாசகர்

ப: வேண்டாம் தம்பி, மாதக் கட்டணம்தான் எகிறும். ஒரு நொடியில் எவ்வளவு டேட்டா வந்து இறங்கும் என்பது எம்பிபிஎஸ் கணக்கு. நீங்கள் சுட்ட சேதி சர்வருக்குப் போய்ப் பதில் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்பது பிங் கணக்கு. இரண்டும் வேறு. விளையாட்டுக்கு ஒன்றிரண்டு எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். மீதி 298-ம் இப்போதே வேலையில்லாமல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

உங்களைச் சாகடிப்பது அந்த 40 அல்ல, 40-க்கும் 300-க்கும் நடுவே நடக்கும் குதியாட்டம். இதைத்தான் ஜிட்டர் என்கிறோம். எப்போதும் 70 என்றால்கூட கை பழகிக்கொள்ளும். நொடிக்கு நொடி மாறினால் எந்தக் கையும் பழகாது.

செலவு செய்யும் முன் கோளாறு எங்கே என்று பாருங்கள். கம்ப்யூட்டரில் இரண்டு கமாண்ட் விண்டோ திறந்து, ஒன்றில் உங்கள் ரூட்டர் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1), மற்றொன்றில் வெளியே இணையத்தில் உள்ள 8.8.8.8 என்ற சர்வருக்கும் பிங் கட்டளையை நிறுத்தாமல் ஓடவிட்டு விளையாடுங்கள். 1983-ல் மைக் மஸ் எழுதிய சின்னஞ்சிறு கருவி இது. இன்றும் முதல் வைத்தியர் இதுதான். ரூட்டர் வரைக்குமே எண் குதித்தால் நோய் வீட்டுக்குள். ரூட்டர் ஒன்றிரண்டில் அமைதியாக இருக்க, 8.8.8.8 மட்டும் குதித்தால் நோய் ரூட்டரிலிருந்து வெளியேறும் இடத்திலோ அதற்கு அப்பாலோ.

கே: நீங்க சொன்ன மாதிரி பார்த்துட்டேன் சார். ரூட்டர் பிங்கே 2-ல இருந்து 150-க்குப் போகுது. ரூட்டரை மாத்தணுமா?
– திருச்சி வாசகர்

ப: முதலில் வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறுங்கள். எண் படுத்துவிட்டால் ரூட்டர் நிரபராதி. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். வீட்டு டிவி, நான்கு போன்கள், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் ரூட்டர் எல்லாம் அதே காற்றில் முறை வைத்துப் பேசுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் அதிகம். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத்தும் இதே அலைவரிசையில்தான் குடியிருக்கின்றன. சமையலறையில் சாதம் சூடாகும்போது உங்களுக்கு லேக் வந்தால், அது பிரமை அல்ல.

கேபிள் இழுக்க வழியில்லை என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறி, ரூட்டர் இருக்கும் அறையிலேயே விளையாடுங்கள். ரிப்பீட்டர் வாங்கி நடுவில் வைக்காதீர்கள். அது வாங்கிய சேதியை மறுபடி அதே காற்றில் அனுப்பி, நெரிசலைக் கூட்டும்.

கே: பையன் கேம் ஆடும்போதெல்லாம் "அம்மா, போனை வை, நெட் போகுது"ன்னு கத்துறான். நான் ஃபோட்டோ பார்த்துட்டுதான் இருக்கேன். என் போனால அவன் நெட் எப்படிப் போகும்?
– மதுரை வாசகி

ப: அம்மா, கத்தியது தப்பு, ஆனால் பையன் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. நீங்கள் பார்ப்பதால் அல்ல. உங்களுக்கே தெரியாமல் போன் அந்தப் படங்களையும் வீடியோக்களையும் மேலே ஏற்றிக்கொண்டிருக்கும்.

மளிகைக் கடையில் ஒருவர் கல்யாண வீட்டு லிஸ்டோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டி மட்டும் வாங்க வந்தவர். லிஸ்ட் முடியும்வரை தீப்பெட்டிக்காரருக்கு விமோசனமில்லை. கல்யாண லிஸ்ட் உங்கள் வீடியோ, தீப்பெட்டி பையனின் துப்பாக்கிச் சூடு. ரூட்டரின் நினைவகத்தில் இந்த வரிசை நிற்கிறது. அப்லோடு 10 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். ஒரு மெகாபைட் வரிசையில் தேங்கினால் அதைத் தள்ளிவிடவே 800 மில்லிசெகண்ட் ஆகும். அதற்குள் பையன் செத்து, அடுத்த ரவுண்டுக்குக் காத்திருப்பான்.

2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணையத்திலேயே இதைக் கண்டு, பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தார். நினைவகம் மலிவானதால் தயாரிப்பாளர்கள் தாராளமாக அள்ளி வைத்த வினை இது. 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வேன் ஜேக்கப்சனும் கோடெல் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அதன் வழியில் வந்த எஃப்கியூ-கோடெல் 2018-ல் இணைய ஆவணமாகவே வெளியானது. தீப்பெட்டிக்காரரை முதலில் அனுப்பிவிடும் கடைக்காரர் அது. இவ்வளவு நல்ல மருந்து இலவசமாகக் கிடைத்தும், பல வீட்டு ரூட்டர்களில் இன்னும் இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

பையனிடம் சொல்லுங்கள்: ரூட்டர் செட்டிங்கில் இந்த மருந்து எஸ்கியூஎம் என்ற பெயரில் இருக்கிறதா என்று தேடட்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரூட்டரில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். வேக வரம்பை, அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதமாக வைக்க வேண்டும். அப்போதுதான் வரிசை இந்த ரூட்டரின் கட்டுப்பாட்டில் நிற்கும். எஸ்கியூஎம் இல்லையென்றால், போனில் பேக்கப்பை அவன் விளையாடாத நேரத்துக்கு மாற்றினாலே போதும். ஃபோட்டோவை நிம்மதியாகப் பாருங்கள்.

கே: சிங்கப்பூர் சர்வர்ல பிங் 10 வர வைக்க வழி சொல்லுங்க. டிஎன்எஸ் மாத்தியாச்சு, கேமிங் விபிஎன்னும் போட்டாச்சு.
– சென்னை வாசகர்

ப: கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். போய்வர 29 மில்லிசெகண்ட். கடலடிக் கேபிள் நேர்கோட்டிலும் போவதில்லை. 35 வந்தால் உங்கள் இணைப்புக்கு மாலை போடுங்கள். டிஎன்எஸ், கேம் சர்வரின் முகவரியைத் தேடித் தருவதோடு சரி, ஆட்டத்துக்குள் அதற்கு வேலையில்லை. விபிஎன் உதவுவது, உங்கள் இணைய நிறுவனம் சுற்றுவழியில் அனுப்பும்போது மட்டும்.

கே: ராத்திரி 8 மணியிலிருந்து 11 வரைக்கும் மட்டும் லேக். கம்ப்ளைன்ட் பண்ணினா "எங்க பக்கம் கிளியரா இருக்கு"ங்கறாங்க.
– சேலம் வாசகர்

ப: ஆதாரத்தோடு பேசுங்கள். வைஃபையை அணைத்து, மோடத்தில் நேராக லேன் கேபிள் செருகி, காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் பிங்கும், சேதி போகும் வழியிலுள்ள ரூட்டர்களை வரிவரியாகக் காட்டும் டிரேஸ்ரூட்டும் எடுத்துப் படம் பிடித்து அனுப்புங்கள். டிரேஸ்ரூட்டில் நடுவே ஒரு வரி மட்டும் 200 காட்டினால் பயப்படாதீர்கள். அந்த ரூட்டர் விசாரணைக்குப் பதில் சொல்வதைத் தள்ளிப் போட்டிருக்கும். ஓரிடத்தில் ஏறிய எண் கடைசி வரி வரை இறங்காமல் நின்றால்தான், அந்த இடம் நெரிசல். லைன்மேன் வந்தால் ஒளியின் பவரை அளக்கச் சொல்லுங்கள். மைனஸ் 27 டிபிஎம் பக்கம் இருந்தால் சிக்னல் விளிம்பில் நிற்கிறது. பீரோவுக்குப் பின்னால் ஃபைபர் மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கே: பிங் நிலையா 25. ஆனாலும் கேம் விட்டு விட்டு வருது.
– நாகர்கோவில் வாசகி

ப: அப்படியானால் நெட்டை விடுங்கள். திரையில் எஃப்பிஎஸ் எண்ணை (நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்பதை) வரவைத்துப் பாருங்கள். விக்கும்போது அது விழுந்தால் பெரும்பாலும் லேப்டாப் சூடாகிறது, அல்லது சார்ஜர் செருகாமல் விளையாடுகிறீர்கள்.