திரையில் எத்தனை பொத்தான்?

கேள்வி: ஆய்வகக் கருவிகளைக் கணினித் திரையிலிருந்தே இயக்க ஒரு பலகை அமைக்கிறேன். எத்தனை பொத்தான்கள் வைக்கலாம்?
– இயற்பியல் ஆசிரியர், அய்யலூர்

பதில்: அந்தச் சோதனைக்கு வேண்டியவை மட்டும். உங்கள் ஊர் ஆட்டுச் சந்தை மாதிரி திரையில் நெரிசல் கூடினால், வோல்ட் எங்கே என்று பிள்ளைகள் தேடிக்கொண்டிருப்பார்கள். டெல்லி ஐ.யு.ஏ.சி. ஆய்வு மையம் உருவாக்கிய எக்ஸ்பைஸ்-17 கருவியைப் பாருங்கள். பைத்தானில் எழுதிய அதன் மென்பொருள் இலவசம், சோதனைக்குச் சோதனை தனித் திரை. கருவியின் பி.வி.1 முனை தருவது -5 முதல் +5 வோல்ட் வரை. திரையில் அதற்கான ஸ்லைடரும் அந்த எல்லையிலேயே நிற்கட்டும். கருவியால் தரமுடியாத 12 வோல்ட்டைத் திரை காட்டினால், பிள்ளைகள் திரையைத்தான் நம்புவார்கள்! நாம் கேட்ட அளவையும் கருவி தந்த அளவையும் அருகருகே காட்டுங்கள். முக்கியமாக, யு.எஸ்.பி. கழன்றதும் பழைய எண் அப்படியே நிற்கக் கூடாது. சட்டென்று சிவக்க வேண்டும்.