நச்சாடையும் மஞ்ச அட்டையும்

ராஜபாளையத்திலிருந்து சேத்தூரைத் தாண்டி மலையைப் பார்க்கப் போனால் தேவதானம் வரும். அங்கே குடியிருக்கும் சிவபெருமானுக்கு நச்சாடை தவிர்த்தருளியவர் என்று பெயர். சாமி பெயரிலேயே ஒரு கிரைம் ஸ்டோரி! பாண்டியரை நேருக்கு நேர் மோதி ஜெயிக்க முடியாத ஒரு சோழ ராஜா, விஷம் தோய்த்த ஆடையைப் பரிசாக அனுப்பி வைத்தாராம். ராஜா வீட்டுப் பரிசு என்றால் சும்மாவா? மேலே பட்டும் ஜரிகையுமாக ஜொலித்திருக்கும். உள்ளே இருந்த சரக்குதான் ஒரு மாதிரி.

பாண்டியர் என்ன, பளபளப்பில் மயங்காத மனிதரா? கடைசி நிமிடத்தில் சிவபெருமான் குறுக்கே புகுந்து காப்பாற்றினார் என்கிறது தலபுராணம். அந்தக் காலத்தில் டிரக் கன்ட்ரோலர் ஆபீஸ் கிடையாது அல்லவா? இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கடவுளே நேரில் வரவேண்டியிருந்தது.

சோழரை விடுங்கள். ராஜபாளையத்தில் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். ஒரு பெரியம்மா வருவார். "தம்பி, அந்த மஞ்ச அட்டை மாத்திரை குடு." "அது இல்லம்மா. இந்தா, இதுவும் அதே மருந்துதான். விலையும் கம்மி." பெரியம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு, ஐ.ஐ.டி. புரொபசர்களே பதில் சொல்லத் திணறும் அந்தக் கேள்வி வரும்: "அதே மருந்துன்னா ஏன் விலை கம்மி?"

இந்தக் கேள்வியை வைத்துத்தான் உலகத்தில் பாதி மருந்துக் கம்பெனிகள் மாடி மேல் மாடி கட்டியிருக்கின்றன.

பெயர்தான் சொத்து என்பதை முதலில் மோப்பம் பிடித்தவர்களில் ஜெர்மனியின் பேயர் கம்பெனிக்காரர்களுக்கு முன்வரிசை நாற்காலி. 1897-ல் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் என்பவர் அங்கே ஒரு வலி மருந்தைச் சுத்தமாகத் தயாரித்துக் காட்டினார். சாதனைதான். ஒரே சிக்கல், அதே சரக்கை 1853-லேயே ஷார்ல் கெரார் என்ற பிரெஞ்சுக்காரர் அரைகுறையாகச் செய்து வைத்துவிட்டுப் போயிருந்தார். ஜெர்மனியில் பேடன்ட் கிடைக்கவில்லை. வேறு யாராவது என்றால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பேயர் அசரவில்லை. 'ஆஸ்பிரின்' என்று ஒரு பெயரை வைத்து, 1899 மார்ச்சில் அந்தப் பெயரை மட்டும் பதிவு செய்துகொண்டது. பிள்ளை யாருடையதாகவும் இருக்கட்டும், காதுகுத்து எங்கள் செலவு!

அந்த மருந்தின் சொந்தப் பெயர் அசிட்டைல்சாலிசிலிக் ஆசிட். தலைவலியோடு கடையில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், தலைவலி இரண்டு மடங்காகும். ஜெனரிக் பெயர் வாயில் நுழையாத வரைக்கும் பிராண்டுக்குக் கொண்டாட்டம்தான். பேயருக்குப் பெயர் வைப்பதில் அப்படி ஒரு கைராசி. 1898-ல் இருமல் மருந்து ஒன்றுக்கும் ஜோராகப் பெயர் சூட்டி விற்றார்கள். 'ஹெராயின்.' ஆமாம் சார், அதே ஹெராயின்தான்!

அப்புறம் முதல் உலகப் போர் வந்தது. அமெரிக்கா, பேயரின் அமெரிக்கச் சொத்தையெல்லாம் எதிரி சொத்து என்று பிடுங்கி 1918 டிசம்பரில் ஏலம் போட்டது. ஸ்டெர்லிங் என்ற கம்பெனி சுமார் 53 லட்சம் டாலருக்கு எடுத்தது. அவர்களாவது நிம்மதியாகச் சாப்பிட்டார்களா? 1921-ல் லெர்னட் ஹேண்ட் என்ற நீதிபதி, ஜனங்கள் எல்லோரும் அந்த மாத்திரையையே ஆஸ்பிரின் என்றுதான் கூப்பிடுகிறார்கள், இனி கடையில் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் விற்கலாம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். ஆனால் கனடாவில் இன்றைக்கும் ஆஸ்பிரின் பேயரின் பிராண்டு. எல்லையில் ஒரு காலை அந்தப் பக்கம் வைத்தால் பிராண்டு, இந்தப் பக்கம் வைத்தால் ஜெனரிக்!

பேயர் கடைசியில் 1994-ல் ஸ்டெர்லிங்கின் வட அமெரிக்க வியாபாரத்தை 100 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அமெரிக்காவில் தன் சொந்தப் பெயரைத் தானே போட்டுக்கொள்ளும் உரிமையும் அதில் அடக்கம். அடகு வைத்த நகையை மீட்பவர்களைப் பார்த்திருக்கிறோம். அடகில் இருந்த இனிஷியலை மீட்ட கதை இது.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். வெள்ளைக்காரர் போனபிறகும் 1911-ல் அவர் போட்ட பேடன்ட் சட்டம் போகவில்லை. அதை அலசிப் பார்க்கச் சொல்லி சென்னை ஹைகோர்ட் ஜட்ஜ் ராஜகோபால ஐயங்காரிடம் ஒப்படைத்தார்கள். 1959-ல் அவர் அறிக்கை கொடுத்தார். அதன் சாரத்தை நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பாஷையில் சொல்கிறேன்: 'பால்கோவாவை நீ கிண்டும் பக்குவத்துக்கு உரிமை கேள், தருகிறோம். பால்கோவாவே என்னுடையது என்று சொல்லாதே.' மருந்தைச் செய்யும் முறைக்கு மட்டும் பேடன்ட், மருந்துக்குக் கிடையாது. இவ்வளவு எளிய விஷயம் டெல்லிக்குப் புரிய 11 வருஷம் ஆனது. சட்டம் 1970-ல் நிறைவேறி, 1972-ல்தான் அமலுக்கு வந்தது.

அதற்கப்புறம் நம் ஆட்கள் வேறு வேறு பக்குவத்தில் அதே மருந்துகளைக் கிண்டித் தள்ளினார்கள். 2001-ல் சிப்லாவின் யூசுஃப் ஹமீது, எய்ட்ஸ் நோயாளிக்கான கூட்டு மருந்தை ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் கீழே தருகிறேன் என்றார். அப்போது மேலை நாட்டுக் கம்பெனிகளின் விலை வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியிருந்தது. உலகமே நம்மைப் பார்த்து வாய் பிளந்தது. நாமோ வீட்டுக்கு வந்து, "நல்ல கம்பெனி மாத்திரையா பார்த்து வாங்கிட்டு வா" என்று பையனைக் கடைக்கு அனுப்பினோம்.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. பிராண்டு பெயர்களைப் படிப்படியாக ஒழிக்கலாம் என்று 1975-ல் ஹாத்தி கமிட்டி சொன்னது. 1981-ல் ஆஸ்பிரின், அனால்ஜின், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றுப் பூச்சி மருந்து உட்பட ஐந்தே ஐந்து மருந்துகளில் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். கம்பெனிகள் கோர்ட் படியேறின, திட்டம் படுத்துக்கொண்டது. 2023 ஆகஸ்ட் ஆரம்பத்தில் தேசிய மருத்துவ ஆணையம், டாக்டர்கள் ஜெனரிக் பெயரில்தான் எழுதவேண்டும் என்று கண்டிப்பான விதி போட்டது. டாக்டர்கள் கொதித்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் விதியை நிறுத்தி வைத்தார்கள். நம் வீட்டு ஆன்டிபயாடிக் கோர்ஸே அதைவிட ஒழுங்காக முடியும்!

சிரிப்பை ஒரு நிமிடம் நிறுத்தவேண்டிய இடமும் இந்தக் கதையில் உண்டு. மருந்துக்கும் பேடன்ட் உண்டு என்று பிற்பாடு சட்டம் மாறிவிட்டது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி பேடன்ட் கேட்டது. அப்போது அதன் விலை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய ஜெனரிக் பத்தாயிரத்துக்கும் கீழே கிடைத்தது. மனு வந்து நின்ற இடம் நம் சென்னை பேடன்ட் ஆபீஸ். அதே மருந்தின் புதிய படிக வடிவம் என்றார்கள் நோவார்ட்டிஸ்காரர்கள். உருண்டைப் பால்கோவாவைச் சதுரமாக வெட்டினால் அது புதுப் பலகாரமா என்று கேட்காத குறையாக 2006-ல் சென்னை மறுத்தது. சட்டமே தப்பு என்று சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். அங்கேயும் நடக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டும் நோயாளிக்குக் கூடுதல் குணம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கைவிரித்தது. தீர்ப்புத் தேதி 2013 ஏப்ரல் 1. கம்பெனி வக்கீல்கள் காலண்டரை இரண்டு தடவை பார்த்திருப்பார்கள்.

தமிழ்நாடு செய்த கெட்டிக்காரத்தனம் வேறு ரகம். 1994-ல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம், அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஜெனரிக் பெயரில் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியது. யார் சரக்கு என்று தெரியாதபடி குறியீடு போட்டு லேபுக்கு அனுப்பிச் சோதித்தது. அதோடு ஜனங்களின் மனசையும் படித்திருந்தது. உதிரி மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் மதிப்பிருக்காது என்று, அட்டையில் அடைத்து, 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்தது. ஜெனரிக் மாத்திரைக்கே கவர்மென்ட் பிராண்டு! அந்தக் கவர்மென்ட்டின் முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்று நாங்கள் சொல்வோம். இல்லை, எங்கள் கோபுரம் என்று மதுரைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கோபுரத்துக்கே பிராண்டு தகராறு.

ஒரு சின்ன எச்சரிக்கை, நான் டாக்டர் இல்லை என்பதால். வலிப்பு, தைராய்டு மாதிரி அளவு நூல் பிடித்தாற்போல் இருக்கவேண்டிய மாத்திரைகளை டாக்டரிடம் கேட்காமல் கம்பெனி மாற்றாதீர்கள். ஜெனரிக் என்று கொடுப்பதிலும் தில்லுமுல்லு உண்டு. கடைக்கு அடிமாட்டு விலையில் வரும் சில அட்டைகளில் எம்.ஆர்.பி. மட்டும் பிராண்டு மாதிரியே கம்பீரமாக நிற்கும். எங்கள் பக்கத்துப் பஞ்சபூதத் தலங்களில் தேவதானம் ஆகாயத் தலம். எம்.ஆர்.பி.க்கும் அந்தத் திசைதான் பிடிக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் பெரியம்மாவை நிற்க வைத்துவிட்டு ஊர் சுற்றிவிட்டேன். கடைசியில் அவர் மஞ்ச அட்டையைத்தான் வாங்கினார். கிளம்பும்போது ஞாபகம் வந்தது: "காலுக்குக் கட்டுப்போடத் துணி ஒண்ணு குடு தம்பி." இந்தப் பக்கம் கட்டுத் துணிக்கா பஞ்சம்? பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறி தறியாக பேண்டேஜ் துணிதான். தம்பி வேண்டுமென்றே கேட்டான், "எந்தக் கம்பெனி வேணும்மா?"

பெரியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "துணிக்கு என்னடா கம்பெனி? சுத்தமா இருக்கான்னு பிரிச்சுக் காட்டு."