குழாய் அண்ணன்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பல்லடம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்றால் குழாய் அண்ணனைத் தரிசிக்கலாம். ஒரே ஆள் இல்லை, ஊருக்கு நாலு பேர் உண்டு. நாற்பத்தைந்து வயது. விசைத்தறி, கோழிப்பண்ணை, இல்லாவிட்டால் திருப்பூரில் ஒரு செக்கிங் யூனிட். "சுகர் எட்டிப் பாக்குது" என்று டாக்டர் சொன்னதும் சைக்கிள் வந்தது. அதன் பின்னாலேயே முதுகுக்கு ஹைட்ரேஷன் பேக் வந்தது. உள்ளே ரெண்டு லிட்டர் பை, தோள்வழியாக வாய்க்கு ஒரு குழாய். நுனியைக் கடித்து உறிஞ்சினால் தண்ணீர். குடிப்பதற்காக வண்டியை நிறுத்தவே வேண்டாம்.

அதை மாட்டிக்கொண்ட அண்ணன் காரணம்பேட்டை போவதற்குள் மூன்று இடத்தில் நிற்பார்.

முதல் நிறுத்தம் அவர் குற்றமில்லை. மொபெட்டில் தக்காளிக் கூடை கட்டிக்கொண்டிருக்கும் பெரியவர், "ஏனுங் தம்பி, எந்தக் காட்டுக்கு மருந்தடிக்கப் போறீங்க?" என்பார். அண்ணன் இறங்கி முழுசாக விளக்குவார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கைல அடிக்கற பம்பு இல்லீங்களா?" என்பார் பெரியவர்.

மற்ற இரண்டும் பேக்கரி. குழாய் தோளில் சொட்டிக்கொண்டிருக்க, அண்ணன் டீயை உறிஞ்சியபடி வரலாறு சொல்வார். 1989, டெக்சாஸ் மாநிலம், விச்சிட்டா ஃபால்ஸ். கொளுத்தும் வெயிலில் நூறு மைல் சைக்கிள் பந்தயம். மைக்கேல் எய்ட்சன் என்ற ஆம்புலன்ஸ்காரர் டிரிப்ஸ் பையில் தண்ணீர் நிரப்பி, நீளமான சாக்ஸுக்குள் திணித்து, டி-ஷர்ட்டின் முதுகில் தைத்துக்கொண்டார். குழாயைத் தோள்மேல் இழுத்துத் துணிக் கிளிப் போட்டு நிறுத்தினார். இந்தப் பைகளுக்குப் பேர்போன கேமல்பேக் பிராண்டு பிறந்த கதை அதுதான். "பாருங்க மாப்ளே, பனியன், சாக்ஸு, தையலு, அத்தனையும் நம்ம சரக்கு! நாம கோட்டை விட்டுட்டோம்" என்று அண்ணன் மேசையைத் தட்டுவார். நியாயமான ஆதங்கம். அவர் போட்டிருக்கும் ஜெர்சி சீனாவிலிருந்து ஆன்லைனில் வந்தது என்பது வேறு விஷயம்.

வெள்ளியங்கிரி மலை ஏறும்போது இந்தத் தண்ணீர்ப் பைக்கு நிஜமாகவே மரியாதை உண்டு. ஒரு கை மூங்கில் தடியில், மறு கை பாறையில். பாட்டிலைத் தேடி நிற்காமல் வாய் வாயாக உறிஞ்சிக்கொண்டே ஏறலாம். ரெண்டு லிட்டர் நிரப்பினால் முதுகில் ரெண்டு கிலோ என்பதை இரண்டாவது மலையில் முதுகே சொல்லிவிடும். கூட்டாளிகளின் பாட்டில் காலியாகும்போதுதான் சிக்கல். நாம் அண்ணாந்து குடித்தே வளர்ந்தவர்கள். இந்தக் குழாயோ கடித்தால்தான் திறக்கும். எச்சில் படாமல் எப்படிக் கொடுப்பது? அண்ணன் நுனியை விரலால் நசுக்கிப் பிடிப்பார். பை மேலேயும் வாய் கீழேயும் இருந்தால்தான் தண்ணீர் ஓடும் என்பதால், குடிக்கிறவன் அவர் காலடியில் மண்டியிட்டு வாயைப் பிளக்க வேண்டும். சிவனைப் பார்க்கப் போகிறவர்கள் வழியில் வரிசையாக அண்ணனைக் கும்பிடுவதாக நினைத்து, பின்னால் வந்த அம்மா ஒருவர் தானும் கைகூப்பிவிட்டுப் போனார்.

சித்திரை வெயில் அண்ணனுக்குப் புது யோசனை தந்தது: தண்ணீருக்குப் பதில் மோர். தாளித்த மோர். அவினாசிபாளையம் தாண்டுவதற்குள் கடுகு ஒன்று குழாய் நுனியில் உட்கார்ந்துகொண்டது. ஊதினார், உறிஞ்சினார், கடுகு அசையவில்லை, கறிவேப்பிலையும் துணைக்கு வந்தது. வெறும் தண்ணீர் ஊற்றும் பையையே போய்ச் சேர்ந்ததும் கழுவிக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய்க்குள் கருப்பாகப் பூசணம் படரும். மோரைக் கேட்கவே வேண்டாம். ஆப்ப சோடா போட்டு ஊறவைத்து, நீள பிரஷ் விட்டுக் குடைந்து, பக்கங்கள் ஒட்டாமலிருக்க உள்ளே சாம்பார்க் கரண்டியைச் செருகிக் கொடியில் தொங்கவிட்டார். கரண்டியைத் தேடிக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.

பக்கத்து வீட்டு அக்கா காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். கொடியில் பை, பையிலிருந்து குழாய். பதறிப்போய், "ஏனுங் தம்பி, வீட்ல யாருக்கு முடியலீங்க? டிரிப்ஸ் ஏத்தறீங்களா?"

அண்ணன் முகம் மலர்ந்தது. "கரெக்டா புடிச்சீங்கக்கா! 1989ல டெக்சாஸ்ல..."

"அடுப்புல சோறு வெச்சுட்டு வந்தேனுங்க" என்று அக்கா உள்ளே போய்விட்டார்.