கறிக்குழம்புப் பக்கத்தைப் பிரியுங்கள்!

கேள்வி: தமுக்கம் புத்தகக் காட்சியில் யூதர் சமையல் புத்தகம் ஒன்று பார்த்தேன். காசு கொடுத்து வாங்கலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: முதலில் கறிக்குழம்புப் பக்கத்தைப் பிரியுங்கள். தயிரோ நெய்யோ தட்டுப்பட்டால் மூடி வைத்துவிடுங்கள். கறியோடு பால் பொருள் சேர்ப்பது யூத நெறிக்கு ஆகாது. தயிரில் ஊறிய நம்மூர் மட்டன் பிரியாணிக்கு அங்கே இலையே கிடையாது! தேங்காய்ப்பால் இருந்தால் துணிந்து வாங்கலாம். கொச்சி யூதர் கைமணம் அதுதான். மீனுக்குச் செதிலும் துடுப்பும் கட்டாயம். நண்டு, இறால் கூடாது.

எஸ்தர் டேவிட்டின் ‘பெனே அப்பெடிட்’ (2021) கிடைத்தால் விடாதீர்கள். இந்திய யூதர் சமையலை ஊர் ஊராகத் தேடித் தொகுத்தவர். ஆங்கிலம்தான், பரவாயில்லை. கொச்சியில் அந்தச் சமூகத்தார் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருக்கிறார்கள். அவர்கள் அடுப்பு நம் வீட்டில் எரியட்டுமே.